இரண்டு மைல் தூரத்தில் ஆர்டித்

"கதவைச் சாத்து. அந்தப் பக்கமும். சாத்திட்டு நீ பத்தடி தள்ளிப் போய் நில்லு. உன் தொப்பையையும் சேத்து அளந்துடப் போறேன்."

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, மடியில் ஆண்டெனாவைச் சோதிக்கும் மீட்டரை வைத்துக்கொண்டு, லாரிக்காரரை ஜன்னல் வழியாக விரட்டுகிறாள் ஆர்டித். ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் ஆள் நின்றால் மீட்டர் முள் பொய் சொல்லும். ஆறடி உயரத்துக்கு இருக்கும் அந்த ஆள், பள்ளிக்கூடத்துப் பையனைப் போல அடியெண்ணிப் பின்னால் போகிறார்.

நெப்ராஸ்காவின் மேற்கே, நெடுஞ்சாலையை ஒட்டிய லாரிப் பேட்டையில், டயர் கடைக்கும் குளியலறைகளுக்கும் நடுவில் இருக்கிறது அவள் கடை. லாரிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சி.பி. ரேடியோவும் அதற்கான ஆண்டெனாவும்தான் வியாபாரம். அறுபத்தேழு வயது, முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஏணியை மட்டும் அடுத்தவரிடம் கொடுக்க மாட்டாள். கழுத்துக் கயிற்றில் சோளக்கதிர் வடிவத்தில் ஒரு காந்தம் தொங்கும். லாரி வந்து நின்றதும், வந்தவர் முகத்தைப் பார்க்குமுன் அந்தக் காந்தத்தைக் கண்ணாடித் தாங்கியில் ஒட்டிப் பார்ப்பாள். ஒட்டினால் இரும்பு, பெயிண்டைச் சுரண்டிவிட்டு ஆண்டெனாவை நேராக முடுக்கலாம். ஒட்டவில்லை என்றால் அலுமினியமோ பிளாஸ்டிக்கோ, உதட்டைப் பிதுக்குவாள். வண்டியின் இரும்புச் சட்டம் வரைக்கும் தனிக் கம்பி இழுக்க வேண்டும், அன்றைக்கு அவளுக்கு வேலை இரட்டிப்பு.

பாதிப்பேர் கேட்பது ஜோடி ஆண்டெனாதான், இந்தக் கண்ணாடியில் ஒன்று, அந்தக் கண்ணாடியில் ஒன்று.

"எதுக்கு ரெண்டு?"

"பாக்க எடுப்பா இருக்கும்க்கா."

"மீசை வேணுமா, பேச்சு வேணுமா? ஜோடி வெச்சா முன்னாடியும் பின்னாடியும் நல்லாப் போகும். பக்கவாட்டுல பாதிச் செவிடு. அதுக்கும் நடுவுல ஒம்பதடி வேணும். உன் வண்டிக்கு ஏது அவ்வளவு அகலம்?"

முக்கால்வாசிப் பேர் மீசையைத்தான் வாங்கிப் போவார்கள். அவளும் திட்டிக்கொண்டே சுத்தமாக மாட்டிக் கொடுப்பாள். ஒன்றாம் சேனலில் அளப்பாள், நாற்பதாவதில் அளப்பாள். நாற்பதில் முள் கூடுதலாக ஏறினால் கம்பி நீளம் என்று அர்த்தம். அரிசி நீளத்துக்கு நறுக்குவாள், மறுபடி அளப்பாள், மறுபடி நறுக்குவாள். அவசரப்படுத்தினால் கட்டரை நீட்டுவாள். "நீயே நறுக்கு. அதிகமா நறுக்கிட்டா ஒட்டித் தரச் சொல்லி எங்கிட்ட வராத."

அவள் கல்யாணமே ஒரு சோதனை ஓட்டத்தில் தொடங்கியதுதான். ஆண்டெனா மாட்டியதும் லாரியைச் சாலைக்கு அனுப்பி, அங்கிருந்து பேசச் சொல்லிக் கேட்பது வழக்கம். அப்படிப் பேசியவன் டெல்மர். ரேடியோவில் அவன் வைத்துக்கொண்ட பெயர் ஆமை. அவ்வளவு நிதானமாக ஓட்டுவான். அவள் பெயர் வானம்பாடி. முதல் தடவை ஆண்டெனா மாட்ட வந்தபோது அவள் முகத்தை அவன் சரியாகக்கூடப் பார்க்கவில்லையாம். அதற்கப்புறம் பேட்டையைக் கடக்கும்போதெல்லாம், ஒன்றரை வருஷம், குரலோடு மட்டும் பழகினான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் டெல்மருக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் சாவி, பிறகு சமையலறை, பிறகு ஆர்டித். "நீங்க யாருங்க?" என்று அவன் மரியாதையாகக் கேட்ட காலையில் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்குப் போய் அழுதாள். அன்று மதியம் கடையில் ஏதோ லாரியைச் சோதித்து ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, வீட்டில் இருந்த ரேடியோ செட்டிலிருந்து அவன் குரல் வந்தது: "வானம்பாடியா? ஆமை பேசறேன்." பெண்டாட்டியைத் தொலைத்தவன் வானம்பாடியைத் தொலைக்கவில்லை.

அவனைத் தனியே விட முடியாத நிலை வந்து, பதினாலு மைல் தள்ளி ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தாள். கூரையில் ஆண்டெனா கூடாது என்றுவிட்டார்கள். ஜன்னலோரம் ரொட்டி சுடும் தகரத் தட்டின் மேல் ஒரு குட்டி ஆண்டெனாவை நிறுத்தி வைத்தாள். அதன் குரல் எவ்வளவு தூரம் எட்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மிஞ்சினால் இரண்டு மைல்.

ஒருநாள் இல்லத்து வாசலில் காரை நிறுத்தி, கையடக்கச் செட்டில் பேசினாள். பேசும் வாயை அவன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டான். "இந்தப் பொம்பள வானம்பாடியோட குரலத் திருடிட்டா!" என்று கத்தி, செட்டையே அணைத்துவிட்டான். பதினோரு நாள் தொடவில்லை. அந்தப் பதினோரு நாளில் அவள் இளைத்துப் போனாள். அவனுக்கு அவள் தெரிந்தவளாக மிஞ்சியிருப்பது அந்த ரேடியோவில் மட்டும்தான்.

அதிலிருந்து கிட்டே போய்ப் பேசுவதில்லை. தினமும் காலையில் போய் சூப் ஊட்டுவாள், வாயைத் திறக்காமல் வந்துவிடுவாள். பேச்சு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, இரண்டு மைல் தள்ளி, மேட்டில் லாரிகள் ஒதுங்கும் இடத்திலிருந்து. அதற்கு டெல்மரின் பழைய நீல லாரியே வேண்டும். வானம்பாடியும் தன்னைப் போல லாரி ஓட்டுகிறவள் என்றே இப்போது அவன் நினைப்பு. குரலுக்குப் பின்னால் இன்ஜின் உறுமாவிட்டால், "வண்டி நின்னுபோச்சா?" என்று பதறுவான். மேட்டில் லாரியை நிறுத்தினால் இல்லம் பக்கவாட்டில்தான் விழும். அதனால் டெல்மர் பெருமையாக வைத்திருந்த ஜோடியைக் கழற்றினாள். கேபிளை மாற்றி, நீளமான ஒற்றை ஆண்டெனா மாட்டி, அரை நாள் நறுக்கி நறுக்கி முள்ளைக் கீழே இறக்கினாள். ஊருக்கெல்லாம் மீசை மாட்டுகிறவள், புருஷன் வண்டிக்கு மட்டும் மழித்துவிட்டாள் என்று டயர் கடைக்காரன் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

போன ஞாயிறு காற்று பலம். மூன்று மணிக்கு நர்ஸ் மாரிபெல் வழக்கம்போல அவனைச் செட்டின் முன் உட்கார வைத்திருந்தாள்.

"ஆமை, ஆமை, வானம்பாடி பேசறேன். கேக்குதா?"

இரைச்சல். பிறகு அவன். "பளிச்சுன்னு கேக்குது. எங்க இருக்கே?"

"மேக்கால போறேன். மாட்டு லோடு."

"அப்ப பேட்டையத் தாண்டித்தானே போவே? ஒரு உபகாரம் பண்ணு. அங்க ஆண்டெனா கடையில என் பொண்டாட்டி இருப்பா. ஆர்டித்னு பேரு."

"தெரியும். சொல்லு."

"ரொம்ப நாளா அவ என்னப் பாக்கவே வரல. இங்க ஒரு பொம்பள வருது, சூப் ஊட்டுது. பாவம், நல்ல பொம்பளதான். ஆர்டித்தத்தான் காணோம். நான் என்ன தப்பு பண்ணேன்னு புரியல. எம்மேல கோவமான்னு அவகிட்ட கேட்டுச் சொல்றியா?"

ஆர்டித் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பட்டனை அழுத்தினால்தான் குரல் போகும். கட்டைவிரலைப் பட்டனில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு, "எனக்கு என்னடா கோவம் உம்மேல? தினம் காலையில வந்துட்டுத்தானே இருக்கேன், டெல்மர்" என்றாள். இன்னொரு தடவையும் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு பட்டனை அழுத்தி, "கோவமெல்லாம் இல்லையாம்" என்றாள்.