நெற்றிப்பொட்டில் இறுக்கிய கண்ணாடி

கண்ணாடிக் கடைக்காரம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலையோ படு கச்சிதம். ஃபிரேமை மூக்கில் வைத்ததுமே எந்தக் காது மேலே, எந்தக் காது கீழே என்று சொல்லிவிடுவார். இருபது வருடத்தில் அவர் பொருத்திய கண்ணாடியைக் குறை சொல்லி ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம் அவருக்கு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே!

அதனால்தான் எதிர்க்கடைத் தையல்காரக்கா ஒரே மாதத்தில் இரண்டு முறை வந்து, "நெத்திப்பொட்டுல இறுக்குது, தளர்த்திவிடு" என்றபோது அவருக்குச் சுருக்கென்றது. காதில் மாட்டும் காம்பை வளைத்து, அதன் திருகாணியைத் தளர்த்திக் கொடுத்தார். வேறொன்றும் கேட்கவில்லை. கண்ணாடி விற்கிறவருக்கு வலி என்றால் காம்புதானே ஞாபகத்துக்கு வரும்.

மூன்றாம் முறை வந்த அக்கா லேசாகக் குனிந்ததும் கண்ணாடி மேசையில் விழுந்தது.

"இவ்வளவு லூசா இருக்கு, இன்னுமா இறுக்குது?"

"இறுக்குதே! சீப்பு பட்டாலே உயிர் போகுது."

கடைக்காரம்மா நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்தார். தோலுக்கடியில் நரம்பொன்று கயிறு மாதிரி தடித்திருந்தது. அக்கா "ஐயோ!" என்று கையைத் தட்டிவிட்டார்.

"மெல்லும்போதும் வலிக்குதாக்கா?"

"நாலு வாய் மென்னா தாடை கடுக்குது. எழுபது வயசாச்சுல்ல. காலையில ஊசி கோக்கும்போது ஒரு கண்ணு அப்படியே இருட்டிடுச்சு. அப்புறம் சரியாப் போச்சு, விடு."

"விடவா? அறிவிருக்கா உனக்கு?" மூத்தவர் என்றுகூடப் பார்க்கவில்லை. ஷட்டரை இறக்கி, "நாளைக்கு ரெண்டு சட்டை குடுக்கணும்டி" என்று முரண்டு பிடித்தவரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"நெத்திப்பொட்டு வழியா தலைக்குப் போற ரத்தக்குழாய் வீங்கியிருக்கும்மா. அதனால கண்ணுக்குப் போற ரத்தமும் நின்னுட்டா போன பார்வை திரும்பாது. டெஸ்ட் முடிவுக்காகக் காத்திருக்க முடியாது" என்ற டாக்டர் அப்போதே மருந்தை ஏற்றினார். இரண்டு முறை தொட்டுப் பார்க்காமல் அனுப்பிவிட்டோமே என்று கடைக்காரம்மா வராந்தாவில் தன்னையே திட்டித் தீர்த்தார். திட்டட்டும். தன் கண்ணாடியில் குறையே இல்லை என்று வாதாடாமல், மாட்டியிருந்த முகத்தைப் பார்த்தாரே, அந்த மனசுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஒரு மாதம் கழித்து அக்கா வந்தார். மருந்தில் முகம் உப்பியிருந்தது.

"எவ இப்படித் தளர்த்தி வச்சா? நிக்கவே மாட்டேங்குது. இறுக்கிக் குடு."

கடைக்காரம்மா திருப்புளியை எடுத்தார். கண் நிறைந்துவிட்டதால் ஆணி தெரியவில்லை.

"குடு இங்க." அக்கா, கடைக்காரம்மா போட்டிருந்த கண்ணாடியையே கழற்றித் தான் மாட்டிக்கொண்டு, கடுகளவு ஆணியை ஒரே முயற்சியில் பிடித்துத் திருகினார்.