மாப்பிள்ளையின் மீனும் என் பக்கம் திரும்பிய விசிறியும்

என் மாப்பிள்ளை பல் கட்டுகிறவர். பல் வைத்தியர் அளவெடுத்து அனுப்பினால், மெழுகில் வடித்து, தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்பார். நாள் முழுக்க அடுத்தவர் வாயோடு மல்லுக்கட்டுகிற மனிதருக்குத் தன் வாயைத் திறக்க மட்டும் மனசு வராது. கல்யாணப் பேச்சின்போது, "இந்த உம்மணாமூஞ்சிக்கா பெண்ணைக் கொடுக்கிறீர்கள்?" என்று வீட்டில் குதித்தவள் நான்தான். குதித்ததுதான் மிச்சம்.

அவர் வாய் திறப்பது ஒரே இடத்தில், கூடத்தில் இருக்கும் கடல் தண்ணீர்த் தொட்டியின் முன்னால். அதில் வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் ஒன்று. பூ மாதிரி விரிந்து ஆடும் கடல் சாமந்தி ஒன்று. அது பூ இல்லையாம், உயிராம். மீனுக்கு வீடே அதுதான். வேலையிலிருந்து வந்தால் சட்டைகூட மாற்றாமல் அங்கே போய், "என்னடா, சாப்ட்டியா?" என்பார். என் மகளை அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. மீனைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மாமியார் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இந்தக் கோடையில் தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கும் இயந்திரம் படுத்துவிட்டது. பழுது பார்க்கிறவர் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். மாப்பிள்ளை தொட்டியின் மூடியை எடுத்தார், விளக்கை அணைத்தார், தண்ணீர் மேல் காற்று படும்படி மேசை விசிறியை வைத்தார். எண் படிக்கத் தெரியாத எனக்காக, கண்ணாடியில் ஒட்டியிருந்த சூடு பார்க்கும் குழாயில் சிவப்பு நகச்சாயத்தால் ஒரு கோடும் போட்டார்.

"அத்தை, இந்தக் கோட்டத் தாண்டினா எனக்கு போன் பண்ணுங்க. விசிறிய மட்டும் தொடாதீங்க. சூடு ஏறினா செத்துரும்."

"நான் எதுக்குத் தொடப்போறேன்? எனக்கு வேற வேல இல்லையா?"

இல்லை என்பதுதான் சங்கடம். மகளும் வேலைக்குப் போய்விட்டாள். மதியம் கூடம் கொதித்தது. மீன் சுகமாகத் தண்ணீரில் முங்கிக் கிடக்கிறது. வேர்த்து வழிவது நான். தண்ணீருக்குள் இருப்பதற்குக் காற்று எதற்கு? என் புத்தி இப்படி வேலை செய்தது. விசிறியை என் பக்கம் திருப்பினேன். கொஞ்ச நேரத்துக்குத்தான். கண் அசந்துவிட்டது.

விழித்தபோது மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. கடல் சாமந்தி கசக்கிப் போட்ட துணி மாதிரி சுருங்கிக் கிடந்தது. சூடு சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. போனை எடுத்தேன்.

"மாப்பிள்ளை, மீனு வாயப் பொளக்குது!"

"விசிறி ஓடுதா?"

"ஓடுதே." பொய்யில்லை.

"எந்தப் பக்கம் ஓடுது, அத்தை?"

கொஞ்சமாகப் பேசுகிறவர்கள் கேட்டால் இப்படித்தான் கேட்பார்கள்.

"...எம் பக்கம்."

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை விட்டிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை. "திருப்பி வைங்க. ஃப்ரீசர்ல ஐஸ் பாட்டில் இருக்கு. மூடியத் தெறக்காம ஒண்ணே ஒண்ண மெதக்க விடுங்க. எல்லாத்தையும் போட்டுறாதீங்க, திடீர்னு குளுந்தாலும் ஆபத்து."

"தண்ணியும் கொறஞ்சிருக்கே. உப்புக் கலந்து ஊத்தட்டா?"

"ஐயோ, வேணாம்! வாளியில நல்ல தண்ணி வச்சிருக்கேன். அத மெல்ல ஊத்துங்க."

"கடல் மீனுக்கு நல்ல தண்ணியா? வெளையாடுறீங்களா?"

"காத்துல போனது தண்ணி மட்டுந்தான் அத்தை. உப்பு உள்ளயேதான் கெடக்கு. அடுப்புல வச்சது சுண்டினா கரிக்கும்ல?"

ஆயுசு முழுக்க அடுப்படியில் நின்றவள் நான். சுண்டிய சட்டியில் இன்னொரு கை உப்பை ஒருநாளும் அள்ளிப் போட்டதில்லை. கடல் என்றதும் அந்த அறிவு எங்கேயோ குளிக்கப் போய்விட்டது.

சொன்னபடியே செய்துவிட்டு, வேர்வையில் ஊறிக்கொண்டு தொட்டியருகே உட்கார்ந்தேன். "டேய், செத்துக்கித்துத் தொலைச்சிராத. அந்த மனுஷன் எங்கிட்டப் பேசுறதே ரெண்டு வார்த்த. அதையும் கெடுத்துராத," என்று மீனிடம் கெஞ்சினேன்.

மாப்பிள்ளை பாதி வேலையில் ஓடி வந்தார். கையெல்லாம் பல் அச்சு வார்க்கும் மாவுத் தூள், காலில் கழற்றாத செருப்பு. சாமந்தி அரைகுறையாக விரிந்திருந்தது. மீன் அதற்குள் ஒண்டியிருந்தது. ஒரு துணுக்குத் தீனி போட்டார். மீன் அசையவில்லை. பிறகு வெளியே வந்து லபக்கென்று கவ்வியது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு நான் ஒழுங்காப் பாத்துக்குறேன், மாப்பிள்ளை."

"நீங்க ஒண்ணும் பாத்துக்க வேணாம் அத்தை. சும்மா இருந்தாப் போதும்."

சரி என்றேன். இத்தனை வயதில் எனக்கு யாரும் இவ்வளவு கஷ்டமான வேலையைக் கொடுத்ததில்லை.