அத்தை கொண்டுவந்த சைக்கிள்

சைக்கிளின் கம்பிகளில் உப்புப் பூத்திருந்தது. ஓலைக் கொட்டகைக்குள், உப்பு அள்ளும் கூடைகளுக்கும் பலகைகளுக்கும் நடுவே அது சுவரில் சாய்ந்து நின்றது. சக்கரம், செயின், மணியின் மூடி எல்லாவற்றிலும் வெள்ளையாக ஒரு பொருக்கு. சங்கரன்கோவிலிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு தோணி ஏறி, அதை எடுத்துப் போகத்தான் அத்தையும் நானும் வந்திருந்தோம். ஆனால் கொட்டகை வாசலுக்கு வந்ததும் அத்தை நின்றுவிட்டாள். உள்ளே போக அவளுக்குக் கால் வரவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் போனாள். போய், முந்தானையை எடுத்து, முதலில் சீட்டைத் துடைத்தாள்.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவள். அவள் மகன், என் அத்தான், கைப்பிள்ளையாக இருக்கும்போதே கணவனை இழந்தவள். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இரண்டு எருமைகளை வைத்துக்கொண்டு, ஊருக்குப் பால் ஊற்றி, அந்த ஒரு பிள்ளையைப் படிக்கவைத்தாள். சுதந்திரம் வந்ததை ஒட்டிய வருடத்தில் அத்தானுக்கு ஓர் உப்பளத்தில் கணக்குப் பார்க்கும் வேலை கிடைத்தது. தாமிரபரணி கடலில் விழும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, ஆத்தூருக்குக் கிழக்கே, ஆற்றுக்கு அக்கரையில் அந்த உப்பளம். தோணித்துறையிலிருந்து நெடுந்தூரம் வெட்டவெளியில் போகவேண்டும் என்பதால் ஒரு சைக்கிள் வாங்கினார். பொங்கலுக்கும் ஆடித்தபசுக்கும் ஊருக்கு வரும்போது அதையும் தோணியிலும் பஸ்ஸிலும் ஏற்றிக் கூடவே கொண்டுவருவார். இதை ஏன் சுமந்துகொண்டு அலைகிறாய் என்று அத்தை கேட்டதற்கு, “அங்கன விட்டுட்டு வந்தா உப்பு தின்னுரும்மா” என்றார்.

எனக்கும் அவருக்கும் கல்யாணம் என்று யாரும் பேசி முடிக்கவில்லை. பேச வேண்டிய அவசியமே இல்லாத விஷயமாக அது இருந்தது. அதனாலேயே நாங்கள் நின்று பேசிக்கொள்ள வழியில்லாமல் போனது. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு. ஊருக்கு வந்த மறுநாள் காலையில் அவர் அந்தக் கிணற்றடியில் சைக்கிளைக் கழுவுவார். நான் குடத்தோடு போவேன். பெரியவர்கள் காதில் விழுந்தாலும் தப்பில்லாத பேச்சாக அவருக்குக் கிடைத்தது அந்தச் சைக்கிள் ஒன்றுதான். அதைப் பஸ்ஸில் எப்படிக் கொண்டுவந்தார் என்று சொல்லுவார். மேலே ஏற்றுவதற்கு முன் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டுமாம். வெயிலில் தகரம் காய்ந்து டியூப் வெடித்துவிடுமாம். ஹேண்டிலைத் திருப்பிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டவேண்டும். செயின் இருக்கிற பக்கம் மேலே பார்க்கவேண்டும். கயிற்றைச் சக்கரத்தில் போடக்கூடாது, சுற்றிச் சுற்றித் தளர்ந்துவிடும், சட்டத்தில்தான் போடவேண்டும். பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் இறங்கி ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். நான் தண்ணீர் இறைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு தடவை தோணியைப் பற்றிச் சொல்லும்போது, “சைக்கிள நிறுத்தக் கூடாது. காத்துல சாய்ஞ்சா தோணியையும் சாச்சுரும். படுக்கத்தான் போடணும். வரும்போது நீயே பாப்ப” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு சக்கரத்தைத் துடைத்தார். நான் நிறையாத குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த கோடையில் அந்தப் பக்கமெல்லாம் வாந்திபேதி கண்டது. தந்தி எங்கள் கைக்கு வந்தபோது அவரைப் புதைத்தே முடித்துவிட்டார்கள். அப்பா மட்டும் போனார். துணிமணி இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டார். அத்தை அழவில்லை. தந்தியைப் படித்துச் சொன்னபோது எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவள், கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். வந்த பெண்கள் எல்லாரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழ உரிமை இருக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. அம்மா என்னைப் பின்கட்டுக்கு அனுப்பி, அங்கேயே இருக்கச் சொன்னாள். நான் எந்த முறையில் அழுகிறேன் என்று ஊர் கணக்குப் போடும் என்று அவள் பயந்தாள்.

மாதம் முடிந்ததும் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, சைக்கிளை எடுத்துவரப் போவதாகச் சொன்னாள்.

“யக்கா, அத எதுக்கு? அங்கன உள்ளவங்க யாராவது வச்சுக்கிடட்டும். நான் சொல்லிட்டுத்தான் வந்தேன்” என்றார் அப்பா.

“அங்கன கெடந்தா உப்பு தின்னுரும்” என்றாள் அத்தை. அப்பா துணைக்குத் தானே வருவதாகச் சொன்னார். அத்தை என்னைக் காட்டினாள்.

“இவள அனுப்பு. பிள்ளையும் ஒரு தடவ பாத்துக்கிடட்டும்.”

அம்மா வேண்டாம் என்றாள். அப்பா என் முகத்தைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ, மறுநாள் காலையில் அவரே எங்களைப் பஸ் ஏற்றிவிட்டார்.

கொட்டகையில் அத்தானோடு வேலை பார்த்த ஒருவர் இருந்தார். இது யார் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். “எந்தம்பி மக. தொணைக்கு வந்தா” என்றாள் அத்தை. அது எனக்கு அடிபட்டதுபோல இருந்தது. என்னை வேறு எப்படியும் சொல்ல முடியாது என்பதும், அப்படிச் சொன்னது என்னைக் காப்பதற்காக என்பதும் அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. அவர் எங்களை அழைத்துப்போய்க் காட்டிய இடத்தில் மணல்தான் இருந்தது. உடைமரத்து முள்ளை வெட்டிச் சுற்றிப் போட்டிருந்தார்கள். நான் நாலடி தள்ளியே நின்றேன். அத்தை திரும்பிப் பார்க்காமல், “ஏட்டி, கிட்ட வா” என்றாள். ஊரிலிருந்து இலையில் சுற்றிக் கொண்டுவந்த பூவைப் பிரித்து, பாதியை என் கையில் கொடுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் போட்டோம். அவ்வளவுதான். எனக்கு நடந்த சடங்கு அது ஒன்றுதான்.

திரும்பும்போது அத்தை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவளுக்குச் சைக்கிள் தள்ளிப் பழக்கமில்லை. பெடல் அடிக்கடி காலில் இடித்தது. என்னிடம் தரவில்லை. தோணித்துறையில் கூடை வைத்திருந்த மீன்காரப் பெண்கள், இரண்டு ஆடுகளோடு ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு தாய், இவ்வளவு பேரும் ஏறியிருந்தார்கள். சைக்கிளைத் தூக்கிவைத்த தோணிக்காரர், “யம்மா, அதப் படுக்கப் போடுங்க” என்றார்.

“நிக்கட்டும். நான் புடிச்சுக்கிடுதேன்.”

“காத்து வரும்மா.”

“புடிச்சுக்கிடுதேன்” என்றாள் மறுபடியும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கழையை ஊன்றினார்.

நடு ஆற்றுக்கு வந்தபோது கடல் பக்கமிருந்து காற்று கிளம்பியது. சைக்கிள் ஒரு பக்கமாக இழுத்தது. அத்தை தன் பாரத்தையெல்லாம் மறுபக்கம் போட்டு நின்றாள். தோணி சாய்ந்து விளிம்பில் தண்ணீர் ஏறியது. ஆடுகள் மிரண்டன. குழந்தைக்காரி குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். தோணிக்காரர் அதட்டவில்லை. “யம்மா, பிள்ளைகுட்டிக்காரங்க இருக்காங்க. கீழ போடுங்கம்மா” என்று கெஞ்சினார். அத்தை காதில் அது விழுந்த மாதிரியே இல்லை. அவள் விரல்கள் ஹேண்டிலை இறுக்கி வெளுத்திருந்தன. மகனைக் கிடத்தியதை அவள் பார்க்கவில்லை. சைக்கிளையும் கிடத்தச் சொன்னால் அவளால் எப்படி முடியும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“அத்தை, தோணியில படுக்கத்தான் போடணுமாம். அத்தான் சொல்லியிருக்காங்க” என்றேன்.

அவள் திரும்பினாள். “ஒங்கிட்டயா சொன்னான்?”

“ஆமா.”

“எப்ப?”

“கெணத்தடியில. சைக்கிள் கழுவும்போது.”

அத்தை என்னையே பார்த்தாள். அவள் கண்ணுக்கு எதிரில் வளர்ந்த என்னை அன்றைக்குத்தான் முதலில் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு ஒரு கையைச் சீட்டுக்கு அடியிலும் மறுகையை ஹேண்டிலுக்கு அடியிலும் கொடுத்து, மெல்லச் சரித்து, தோணியின் தரையில் தானே படுக்கவைத்தாள். தோணி நிமிர்ந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து சட்டத்தின்மேல் கையை வைத்துக்கொண்டாள். தந்தி வந்த நாளிலிருந்து அழாதவள் அப்போது அழ ஆரம்பித்தாள். கரை வரும்வரை அழுதாள். மீன்காரப் பெண் ஒருத்தி அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டே வந்தாள்.

கரையேறி ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அத்தை என்னிடம் கேட்டாள்: “பஸ்ஸுக்கு என்ன செய்யணும்னு சொன்னான்?”

நான் சொன்னேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல இருவருமாகச் செய்தோம். வால்வைத் திருகிக் காற்றை இறக்கியது நான். பைக்குள் இருந்த பழைய சேலையைக் கிழித்துப் பெடலையும் செயினையும் சுற்றியது அவள். மேலே ஏறிய கிளீனரிடம், “சக்கரத்துல கட்டாதீங்க தம்பி, சட்டத்துல கட்டுங்க” என்று அவள் சொன்னபோது, அவர் கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

திருநெல்வேலியில் எங்கள் ஊர்ப் பஸ்ஸில் கூட்டம் அதிகம். மேலே மூட்டை முடிச்சு நிறைந்திருந்தது. நாளைக் காலையில் ஏற்றி அனுப்புவதாகக் கண்டக்டர் சொன்னார். அத்தை குரலை உயர்த்தவில்லை.

“எம்மவன் போயிட்டான் ஐயா. சைக்கிள் மட்டுந்தான் வீட்டுக்கு வருது. இதையும் விட்டுட்டு வரச் சொல்லுதீங்களா?”

அதைக் கேட்டுக்கொண்டிருந்த டிரைவர் இறங்கிவந்து, தானே மேலே ஏறி, இரண்டு மூட்டைகளைத் தள்ளி இடம் பண்ணினார். வழியில் பஸ் நின்ற இடத்திலெல்லாம் அத்தை இறங்கி, அண்ணாந்து பார்த்துவிட்டு ஏறினாள். டிரைவர் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை. அவள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எடுத்தார். உட்கார்ந்ததும், “இன்னும் என்ன சொன்னான்?” என்று கேட்பாள். எனக்கு நினைவிருந்ததையெல்லாம் சொன்னேன். அவர் எப்படிச் சிரித்தார், எந்தத் துணியால் துடைத்தார் என்பதையும் சொன்னேன். ஊர் வரும்போது சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ‘வரும்போது நீயே பாப்ப’ என்று அவர் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதை எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

சில வருடம் கழித்து எனக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அத்தைதான். பனவடலிசத்திரத்துப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்து விவசாயம் பார்த்த குடும்பம். பேச்சு முடியும் முன்பே அவள் தனியாகப் போய், மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். கல்யாணம் முடிந்து அவள் வீட்டில் விருந்து உண்டபின், உள்ளேயிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, “நின்னுக்கிட்டே இருக்கு. ஓடட்டும், நீங்க எடுத்துக்கிடுங்க” என்றாள். என் கணவர் அதை வாங்கவில்லை. என்னைப் பார்த்தார். “நான் எடுத்துக்கிடலாமா?” என்று கேட்டார். தலையை அசைத்தேன். அதற்குப் பிறகுதான் ஹேண்டிலில் கையை வைத்தார். என் வாழ்க்கையில் என்னைக் கேட்டு நடந்த முதல் காரியம் அது.

இப்போது ஓடுகிற பஸ்களில் மேலே ஏற ஏணியும் இல்லை, சாமான் கட்டக் கம்பியும் இல்லை. ஆற்றுக்கும் பாலம் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். நான் அந்தப் பக்கம் மறுபடி போகவில்லை. அத்தையும் இல்லை, என் கணவரும் இல்லை. யோசிக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அத்தை கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்த நாள்தான்.

என் கணவர் என் அப்பாவுக்கு மருமகன் என்றால் அத்தைக்கு மகன் முறை. ஆனால் அவள் அவரை அப்படி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவாள். அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை அவள் பஸ்ஸில் வந்து இறங்குவாள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் நிற்பார். அவள் பையை மட்டும் அதில் மாட்டிவிட்டு, பக்கத்தில் நடந்தே வருவாள். உட்காருங்கள் என்று எத்தனை தடவை சொல்லியும் அவள் அதில் ஏறியதில்லை. கடைசித் தடவை வந்தபோது அவளுக்குக் கால்முட்டு முற்றிலும் விட்டுப்போயிருந்தது. நானும் கூடப் போயிருந்தேன். ரோட்டோரத்தில் நின்று, வீடு இருந்த திசையைப் பார்த்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிளை அவளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, குனிந்து, அவளைத் தூக்கிப் பின்னால் உட்காரவைத்தார். அவள் மறுக்கவில்லை. சீட்டின் பின்புறத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் ஏறாமல், தள்ளிக்கொண்டே நடந்தார். புளியமரத்தடி தாண்டி வண்டித்தடத்தில் சைக்கிள் லேசாகக் குலுங்கியது.

“மெல்ல போ, மக்கா” என்றாள் அத்தை.