நான் தட்டச்சு செய்த திருப்தி

கோட்டாட்சியர் அலுவலகத்தில் நான் உதவியாளராக இருந்த பிரிவுக்கு யாரும் சந்தோஷமாக வந்ததில்லை. ஒருவரால் ஊர் அமைதி கெடும் என்று போலீஸ் எழுதி அனுப்பினால், அவரைக் கூப்பிட்டு விசாரித்து, ஒரு வருஷம் ஒழுங்காக இருப்பேன் என்று பிணைப்பத்திரம் வாங்கும் அதிகாரத்தைச் சட்டம் கோட்டாட்சியருக்குக் கொடுத்திருக்கிறது. அந்த ஒரு வேலைக்கு அவரும் நீதிபதி மாதிரிதான். பத்திரம் தராதவரைச் சிறைக்கு அனுப்பவும் முடியும். ஆனால் சட்டம் அதைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. விசாரித்த பிறகு, பிணை அவசியம்தான் என்று அவருக்குத் திருப்தி ஏற்பட வேண்டும்.

அந்தத் திருப்தியை நான்தான் தட்டச்சு செய்வேன். 'விசாரித்ததில், பிணை பெறுவது அவசியமெனத் திருப்தியடைந்து' என்ற வரி என் கணினியில் நிரந்தரமாகக் கிடந்தது. தேர்தல் நெருங்கினால் ஸ்டேஷனிலிருந்து பட்டியல் வரும். பெயர், தகப்பனார் பெயர், தெரு மூன்றையும் நிரப்பி, முதல் நாளே உத்தரவுகளை அடுக்கி வைத்துவிடுவேன். மறுநாள் காலையில் ஆட்கள் வந்து கையெழுத்துப் போடுவார்கள், சாப்பாட்டுக்குப் பிறகு அதிகாரி போடுவார். புதுச் சட்டம் வந்து நூற்றியேழாம் பிரிவு நூற்றிருபத்தாறு ஆனபோதும் எண்ணை மட்டும்தான் மாற்றினேன். என் வேகத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

அப்படி ஒரு நாளில்தான் அந்த டிரைவர் வந்தார். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்குக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிவரும் பஸ்ஸை ஓட்டுபவர். மற்றவர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக, அவர் மட்டும் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"சார், விசாரிச்சதுலன்னு போட்டிருக்கு. என்னை இன்னும் யாரும் ஒரு வார்த்த கேக்கலயே?"

"எல்லாருக்கும் அப்டித்தாம்பா. படிச்சிக்னு நின்னா நேரம்தான் ஆவும்."

"நான் இன்னா பண்ணேன்னாவது சொல்லுங்க."

கோப்பைப் புரட்டினேன். முந்தின வருஷம் தோல் பதனிடும் ஷாப் ஒன்றின் கழிவுநீர்க் கால்வாய் உடைந்து அவர் தெருவுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. கேட்கப் போன கூட்டத்தில் முன்னால் நின்று பேசியவர் இவர். 'பொதுமக்களைத் தூண்டியவர்' என்று ஒரே வரி. அதில் ஒன்றும் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

"அய்யாகிட்ட ரெண்டு நிமிஷம் பேசிட்டு வந்து போட்டுர்றேன் சார்," என்றார்.

அதிகாரியின் அறை நாலு எட்டில் இருந்தது. சட்டம் டிரைவருக்கென்று கொடுத்ததே அந்த ரெண்டு நிமிஷத்தைத்தான். அவர் உள்ளே போய்ப் பேசியிருந்தால் நான் அடித்துவைத்த உத்தரவு வீணாகியிருக்கும். அதற்காகத்தான் தடுத்தேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

"உள்ள போனா பேஜாராய்டும். போட்டுட்டு கெளம்பு. ஒண்ணும் ஆவாது."

போட்டார்.

ஒரு வருஷம் கழித்து மறுபடி வந்து நின்றார், மெலிந்திருந்தார். டிரைவர்களுக்குக் கம்பெனி போலீஸ் சான்றிதழ் கேட்டிருக்கிறது. அதில் இந்தப் பிணை ஏறிவிட்டது. பெண்கள் ஏறும் வண்டியை ரவுடியிடம் விட முடியாது என்று சாவியை வாங்கிக்கொண்டு, குடோனில் பெட்டி தூக்கப் போட்டுவிட்டார்கள்.

"வருஷம் முடிஞ்சிட்ச்சி சார். ஒரு தப்பும் பண்ணல. அத ஒரு லெட்டர்ல எழுதிக் குடுங்க. என் பஸ்ல ஏறுன புள்ளைங்க மூஞ்சிய பாக்க முடியல."

அன்றுதான், இத்தனை வருஷ சர்வீஸில் முதல் தடவையாக, அந்தச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். ஒருவரைச் சந்தேகப்படும் அதிகாரத்துக்கு எத்தனையோ பிரிவுகள் இருந்தன. இவர் நல்லவர்தான் என்று எழுதிக் கொடுக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை. அதை அவரிடம் சொன்னேன்.

"லெட்டர் வேணாம் சார். ஒரு தடவ கம்பெனிக்கு வந்து, அன்னிக்கு என்னை யாரும் விசாரிக்கலன்னு மேனேஜர்கிட்ட சொல்லுங்க. உங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியும். என்னைவிட நன்றாக அது வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் சொன்னால் அதிகாரி மாட்டுவார், அடுத்தது நான். "பாக்கலாம்," என்றேன். மேனேஜர் உட்காரும் இடத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, கும்பிட்டுவிட்டுப் போனார்.

சீட்டை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். மாற்றலாகி வரும்வரை அது அங்கேயே இருந்தது. கம்பெனி எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரே பஸ் தூரம். அங்கே போய் நடந்ததைச் சொல்ல எனக்கு எந்தப் பிரிவும் அதிகாரம் தர வேண்டியதில்லை. நான் போகவில்லை.