பள்ளிவாசலில் ஒரு லினக்ஸ்

லினக்ஸைப் பற்றி யாராவது கேட்டால் என் வாய் இலேசில் மூடாது. சாய்ந்தமருதில் பத்து வருடத்துக்கும் மேலாகக் கணினிப் பாடம் கற்பிக்கிறேன். என் வீட்டுக் கணினியில் அதைத் தவிர வேறு இயங்குதளம் ஓடியதில்லை. கடைகளில் பூட்டுடைத்த மென்பொருளைப் போட்டுத் தருவார்கள். வட்டி வாங்க மாட்டோம், ஹராமானதைத் தின்ன மாட்டோம், ஆனால் அடுத்தவன் உழைப்பைப் பூட்டுடைத்து எடுப்பதில் மட்டும் எங்களுக்கு ஒரு கூச்சமும் இல்லை. எனக்கு அது பிடிக்காது. லினக்ஸைச் செய்தவர்களே எடுத்துக்கொள் என்று தருகிறார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், பிடிக்காததை மாற்றலாம். இதைவிட ஹலாலான ஒரு சாமான் எனக்குத் தெரியாது.

எங்கள் பள்ளிவாசலின் தொழுகை நேரப் பலகை உப்புக்காற்றில் செத்துப்போனபோது, புதியதை நானே செய்து தருகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். அவர் பள்ளிவாசலை நிர்வகிக்கும் நம்பிக்கையாளர் சபையில் இருக்கிறார். கல்முனையில் ஒரு கடைக்காரர் பழைய இரும்புக்குப் போடவிருந்த கணினியைக் கேட்டு வாங்கி, அதில் லினக்ஸைப் போட்டேன். சூரியனின் போக்கைக் கணக்கிட்டுத் தொழுகை நேரம் சொல்லும் ஒரு நிரலை, ஊரும் பேரும் தெரியாத யாரோ எழுதி உலகத்துக்கே விட்டிருந்தார். அதை வரி வரியாக வாசித்தேன். நேரங்களைத் தமிழில் காட்டவும், சூரியன் மறைந்து மஃரிப் வந்ததும் சத்தம் எழுப்பவும் வைத்தேன். வருடம் முழுவதையும் பள்ளிவாசல் நேர அட்டவணையோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போகும்வரை விடவில்லை.

ஒரு திங்கட்கிழமை பகல் கணவர் அதை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு பழைய டீவியோடு பொருத்தினார். எங்கள் பள்ளிவாசலுக்குப் பெண்கள் போவதில்லை. சுவரில் ஏறியதை நான் பார்க்கவில்லை. அன்று பின்னேரம் வரைக்கும் எல்லோரும் அதை "அவருட மிசின்" என்று புகழ்ந்தார்கள். அவரும் மறுக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

அது ரமழானுக்கு முந்தின ஷஃபான் மாதத்தின் கடைசி. போன ரமழானில் விடுபட்ட நோன்புகளைப் பெண்கள் அவசர அவசரமாகக் கழாவாகத் திரும்பப் பிடித்து முடிக்கும் காலம். அந்தத் திங்கட்கிழமை எங்கள் ஒழுங்கை வீடுகளில் ஐந்தாறு பேர் நோன்பு. எனக்கும் அது கடைசி நோன்பு. பலகை சத்தம் போட, பள்ளிவாசல் மோதினார் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைத்தார். பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்த நான் பழக்கத்தில் கைபேசியைப் பார்த்தேன். மஃரிபுக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. பக்கத்துப் பள்ளிவாசல்கள் ஒன்றிலிருந்தும் பாங்கு வரவில்லை. பழத்தைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

ஒழுங்கையில் மற்ற எல்லோரும் பாங்கு கேட்டதுமே வாயில் போட்டு நோன்பு துறந்துவிட்டார்கள். மற்றப் பள்ளிவாசல்களில் பாங்கு பிந்திக் கேட்டதும், முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு ராத்தா.

"என்ன டீச்சர், இனாமாக் கிடைச்ச சாமான நம்பி எங்கட நோன்பெல்லாம் போச்சே! நோன்புக்கு இன்னும் எத்தின நாள் கிடக்கு? நாங்க எப்ப புடிச்சி முடிக்கிற?"

புகழ்ந்தபோது அவருடைய மிசின், பிழை வந்ததும் டீச்சருடையது. சபையில் ஒரு பெரியவர், ரமழானுக்கு முன்னம் அதைக் கழற்றிவிட வேண்டும், பொம்பிளை செய்த வேலையை நம்பி ஊரே நோன்பு துறக்க முடியாது என்று சொன்னாராம். கணவர்தான் வந்து சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"நேரம் எப்பிடி மாறின? நீங்க ஏதும் தொட்டீங்களா?"

"ஓம். பூட்டி முடிச்ச நேரம் வேற ஏதோ நேரம் காட்டிச்சி. நீங்க காட்டித் தந்த மாதிரித்தான் சரிப்படுத்தின."

"எதப் பார்த்து?"

"பள்ளி மணிக்கூட்டப் பார்த்து."

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். பள்ளிவாசல் சுவர் மணிக்கூட்டை மோதினார் எப்போதும் ஐந்து நிமிடம் முந்தித்தான் வைத்திருப்பார். கடைகளிலும் சந்தியிலும் நின்று கதைக்கிறவர்கள் ஜமாஅத் தொழுகைக்கு ஓடிவர வேண்டும் என்பதற்காக. ஊருக்கே தெரிந்த விசயம். என் கணவரோ சின்ன வயதிலிருந்து பார்த்த மணிக்கூடு என்ற மரியாதையில் அதையே கணினிக்குள் ஏற்றிவிட்டார். சூரியனைச் சரியாகக் கணக்கிடும் நிரலுக்குப் பொய் நேரத்தைக் கொடுத்தால் அது என்ன செய்யும்?

என் பிழையும் ஒன்று இருந்தது. மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தை நினைவில் வைத்திருக்கும் சின்ன பெட்டரி அந்தப் பழைய கணினிக்குள் செத்துக் கிடந்தது. அதை நான் மாற்றாமல் அனுப்பியதால்தான் வழியில் நேரம் கலைந்தது. அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒழுங்கையில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். வியாழக்கிழமை அவர்கள் நோன்பைத் திரும்பப் பிடித்தபோது, என் நோன்பு பழுதாகாதபோதும் நானும் சேர்ந்து பிடித்தேன்.

கணவர் புதுப் பெட்டரியைப் போட்டு, கைபேசியைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்துவிட்டு வந்தார்.

"இப்ப எல்லாம் சரி. இனி இந்தக் கதைய விடுங்க புள்ள."

"விட ஏலா. கழட்டுறண்டா கழட்டட்டும். ஆனா லினக்ஸ் பிழை, பொம்பிள செஞ்சது பிழை எண்டு சொல்லிக் கழட்டப்படா. நீங்க சபையில இருக்கிற ஆள். நீங்கதான் சொல்லணும்."

"எல்லாருக்கும் முன்னாலயா?"

"நோன்பு போனதும் எல்லாருக்கும்தானே."

அவர் எழுந்து போய்விட்டார். கூட்டத்தில் கதைக்கவே கூசுகிற மனிதர் அவர். கல்யாண வீட்டில் பத்துப் பேருக்கு முன்னால் துஆ ஓதச் சொன்னாலே வியர்த்துவிடும்.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்காகப் பாடசாலை நேரத்தோடு விட்டது. நான் வந்து மீன்கறி வைத்துக்கொண்டிருந்தேன். ஜும்மா முடிந்து, ஒலிபெருக்கியில் வழமையான அறிவித்தல்கள் போயின. பிறகு ஒரு தொண்டைச் செருமல். அந்தச் செருமலை நான் இருபது வருடமாக அறிவேன். அகப்பையோடு முற்றத்துக்கு ஓடிவந்தேன்.

"திங்கக்கிழம பாங்கு முந்தினத்துக்குக் காரணம் நான்தான். பள்ளி மணிக்கூட்டப் பார்த்து நேரம் வெச்சது நான். நோன்பு பழுதான எல்லாரும் என்ன மன்னிச்சிக்கோங்க. மிசின்ல ஒரு பிழையும் இல்ல. சந்தேகமிருந்தா ஆரும் வந்து திறந்து பார்க்கலாம், அதுல மறைக்க ஒண்டுமில்ல. அது நான் செஞ்சதும் இல்ல. என்ட பொஞ்சாதி செஞ்சது."

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராத்தா எட்டிப் பார்த்தார்.

"கேட்டீங்களா டீச்சர்?"

கேட்டது என்று தலையாட்டினேன். கறி அடிப்பிடிக்கிற மணம் வந்துகொண்டிருந்தது. உள்ளே ஓட மனமில்லை, இன்னொரு தரம் சொல்லமாட்டாரா என்று அங்கேயே நின்றேன்.