பன்னிரண்டு வரிசையில் பதினொன்று

கட்டம் கட்டமாகக் கிடக்கும் ஊரை ஒரே நீள வரிசையாக்கிக் கம்ப்யூட்டருக்குள் அடுக்குவது எங்கள் தொழில். புரோகிராம் எழுதிச் சூடுபட்ட நண்பர்களே, ஒரு எண் பிசகினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துண்டறிக்கை படித்தே வளர்ந்தவன் நான். நாற்பது வருஷம் கொடி பிடித்த கை, இப்போது திண்டிவனத்தில் கீபோர்டு தட்டுகிறது.

பூஜ்யத்தில் யார்?

மழையில் முகையூர் பக்கத்து ஊர் ஒன்று மூழ்கியது. வடிகால் கேட்டு விழுப்புரத்தில் மனு கொடுக்க வேண்டும். எங்கே, எந்த நாள், எவ்வளவு தண்ணீர் நின்றது என்று வரைபடம் வேண்டும். ஊரைப் பன்னிரண்டு வரிசை, எட்டுப் பத்தியாகக் கட்டம் போட்டேன். மனுவோடு வந்தவர் அஞ்சலை, காலனியில் கூலி வேலை செய்பவர். அர்ரேயில், அதாவது கம்ப்யூட்டருக்குள் அடுக்கும் வரிசையில், எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும், பன்னிரண்டாவது வரிசைக்கு எண் பதினொன்று என்று அவருக்கு விளக்கினேன். முதல் கட்டத்தை உற்றுப் பார்த்தார்.

"பூஜ்யத்துல பிரசிடெண்டு வூட்ட வெச்சிக்கினு இருக்கீங்களேண்ணே, அவருக்குத் தெரியுமா?"

கோயிலில் ஏரி

ஒரு கட்டத்தைக் குறிக்க வரிசை எண் முதலில், பத்தி எண் பிறகு எழுத வேண்டும். ஓரிடத்தில் மாற்றி எழுதிவிட்டேன். தப்பு என்று கம்ப்யூட்டர் வாயே திறக்கவில்லை. வரைபடத்தில், மேட்டில் இருக்கும் மாரியம்மன் கோயில் மேல் ஏரித் தண்ணீர் ஏறி நின்றது. அஞ்சலைதான் முதலில் பார்த்தார்.

"ஆத்தா நீச்சலடிச்சிக்கினு இருக்குது, ஜல்தியா கரையேத்துண்ணே."

கடைசித் தெரு

மனு நாளன்று காலை அச்செடுத்தோம். கடைசி வரிசையில் இருக்கும் காலனியைக் காணோம். வரிசைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு பதினொன்று வரை ஓட வேண்டிய சுற்று பத்தோடு நின்றிருந்தது. 'பதினொன்றைவிடக் குறைவு' என்று எழுதியவன் நானேதான். அஞ்சலை மூன்று நாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற தெரு அது. இந்தத் தாள் போயிருந்தால், அங்கே தண்ணீரே நிற்கவில்லை என்று ஆகியிருக்கும், வடிகாலும் வராது. கடைசியில் இருப்பவரை விட்டுவிடுகிறார்களே என்று ஊர் ஊராகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான்! மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை; அது இன்னும் சுட்டது.

"எங்க தெருவுலேர்ந்து எண்ணுண்ணே. கடைசியா ஊர்த்தெரு உட்டுப்போச்சுன்னா, பத்து பேரு ஓடியாந்து சொல்லிடுவாங்க."

சுற்றைத் திருத்தி, அவர் சொன்னபடியே எண்ணினேன், பன்னிரண்டு வரிசையும் வந்தது, தாளை மடித்துக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸுக்கு ஓடினார்.

நாற்பது வருஷத்தில் நான் கண்ட கோரிக்கைகளில் கேட்டவுடனே நிறைவேறியது இது ஒன்றுதான், அதுவும் ஆணை போட வேண்டியவன் நானாக இருந்ததால்.