டிக்கெட் அக்கா மீன் பார்க்கப் போன கதை

ஊருக்கெல்லாம் மீன் காட்டியவர், உள்ளே போய் ஒரு மீனைக்கூடப் பார்த்ததில்லை. நம்புவது கஷ்டம்தான். மீன் காட்சியகத்தின் வாசலில் பத்தொன்பது வருஷமாக டிக்கெட் கொடுத்த அவரை எல்லோரும் டிக்கெட் அக்கா என்றே கூப்பிட்டார்கள். டிக்கெட் கூண்டின் கண்ணாடியில் இருந்த அரைவட்ட ஓட்டை வயிற்று உயரத்தில் இருந்தது. அதனால் அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் கைகள்தான். யாராவது அரை டிக்கெட் கேட்டால், "பிள்ளையைத் தூக்கிக் காட்டுங்க" என்பார். தூக்க முடியாவிட்டால் முழு டிக்கெட். பன்னிரண்டு வயதைப் பத்து என்று சொன்ன ஒருவரும் அவரிடம் தப்பியதில்லை.

அக்காவுக்கு மேற்பார்வையாளர் ஆக வேண்டும். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். இவரோ பத்தாம் வகுப்போடு நின்றவர். இவரிடம் டிக்கெட் கிழிக்கக் கற்றுக்கொண்ட இரண்டு பேர் இவர் கண்ணெதிரிலேயே மேற்பார்வையாளர் ஆகி, இவரையே நேரத்துக்கு வரச் சொன்னார்கள். வயிறு எரியாதா? மூன்றாவது முறை விடுவதாக இல்லை. இணையவழிப் பள்ளி ஒன்றில் சேர்ந்து, கணக்கிலும் அறிவியலிலும் தட்டுத் தடுமாறித் தேறிவிட்டார். கடைசியாக மிஞ்சியது சுற்றுலா ஈர்ப்பு மையங்கள் என்ற பாடம். இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன் என்று மார்தட்டினார்.

முதல் தேர்வில் மண்ணைக் கவ்வினார். வரிசை நீண்டுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தார்கள். கண்ணாடியைத் தட்டி, ஒழுங்காக நிற்கச் சொல்வேன் என்று எழுதினார். பூஜ்யம் போட்டார்கள்.

அதற்குப் பிறகு விழுந்து விழுந்து படித்தார். பாடம் வீட்டுக்குள்ளும் புகுந்தது. நாத்தனார் வந்துவிட்டுப் போனதும், இந்த வருகையாளரின் சராசரித் தங்கும் நேரம் நாலு மணி நேரம், வெளியே போகும் வழிக்குப் பலகை வைக்க வேண்டும் என்று கணவரிடம் கணக்குச் சொன்னார். கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அக்காவின் பேச்சில் வேகம் கூடினால் அவர் கால் பிரேக் என்று நினைத்துத் தானாகத் தரையை அழுத்தும். அன்றும் அழுத்தினார், பேச்சு நிற்கவில்லை.

கடைசி வேலை ஒரு அறிக்கை. ஏதாவது ஓர் இடத்துக்குப் பார்வையாளராகப் போய், வந்தவர்களின் கருத்துகளைத் திரட்டி, பெரிய குறை எது, அதற்கு என்ன செய்யலாம் என்று எழுத வேண்டும். அந்த இடத்தின் மேலாளர் கையெழுத்தும் வேண்டும். வார விடுமுறையன்று அக்கா கணவரை இழுத்துக்கொண்டு தன் காட்சியகத்துக்கே போனார். சுறாத் தொட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். இத்தனை வருஷம் இது தன் முதுகுக்குப் பின்னால்தான் நீந்திக்கொண்டிருந்ததா என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

வெளியேறும் இடத்தில் கருத்து நோட்டு கிடந்தது. கணவர் வாசிக்க, அக்கா குறித்துக்கொண்டார். கழிவறையில் தண்ணீர் இல்லை என்று நாலு பேர் எழுதியிருந்தார்கள். அடுத்ததைக் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். டிக்கெட் தருகிற அம்மாவுக்குச் சுறாவே தேவலை என்றிருந்தது. சிரிக்கவே மாட்டார், முகத்தைப் பார்க்கவே மாட்டார் என்று பக்கத்துக்குப் பக்கம் அதே பாட்டு. எண்ணிப் பார்த்தால் பதினொரு பேர்.

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. இதை எழுதினால் மேலாளர் படிப்பார். யாரை மேற்பார்வையாளர் ஆக்குவது என்று முடிவு செய்பவரும் அவர்தான்.

"கழிவறையையே பெரிய குறைன்னு எழுதிடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் கணவர்.

"பன்னெண்டைப் பத்துன்னு சொன்னவங்களையே நான் விட்டதில்ல. பதினொண்ணை மட்டும் மறைச்சிடச் சொல்றீங்களா?"

எழுதிவிட்டார். பெரிய குறை, டிக்கெட் கொடுப்பவர். செய்ய வேண்டியது, ஓட்டையை முக உயரத்துக்கு ஏற்றுவது. ஆளையும் உடனே மாற்றுவது. எழுதி முடித்ததும் அழுதார். மேற்பார்வையாளர் நாற்காலி போனது போனதுதான் என்று முடிவே செய்துவிட்டார்.

மேலாளர் அறிக்கையை இரண்டு முறை படித்தார். அக்கா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார்.

"ஆளை மாத்தணும்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். நோட்டுல இருக்கிறதைத்தான் எழுதினேன்."

"அந்த நோட்டை மாசாமாசம் நான்தாம்மா படிக்கிறேன். போன ரெண்டு தடவையும் உங்களை மேற்பார்வையாளரா ஆக்கி, அந்த ஜன்னலை விட்டு எடுத்துடலாம்னுதான் பார்த்தேன். சான்றிதழ் இல்லாம என் கையைக் கட்டிப்போட்டுட்டீங்க." கையெழுத்துப் போட்டு நீட்டினார். "தயவுசெஞ்சு சீக்கிரம் பாஸ் பண்ணுங்க."

அக்கா எழுபத்தெட்டு மதிப்பெண் வாங்கித் தேறினார். நாற்காலியும் கிடைத்தது. வாழ்த்துச் சொல்ல வந்தவர்களிடமெல்லாம், "இது படிப்புக்குக் கிடைச்சதா, என் மூஞ்சிக்குக் கிடைச்சதான்னுதான் தெரியல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து அங்கே யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.